ரேழிக்கு அப்பால் ஓர் இருட்டறை: நியூகிரேஞ்ச் வழிகாட்டிப் பயணம் பற்றிய மதிப்புரை

டப்ளின் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், போய்ன் ஆறு பெரிய வளைவெடுத்துத் திரும்பும் இடத்தில், நியூகிரேஞ்ச், நவுத், டவுத் என்னும் மூன்று பெருங்கல்லறை மேடுகள் இருக்கின்றன. ஐரிஷ் மொழியில் புரூ ந போன்யா என்று வழங்கும் இந்த வட்டாரத்தை யுனெஸ்கோ 1993-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இவற்றில் நியூகிரேஞ்சையும் நவுத்தையும் அயர்லாந்து அரசின் பொதுப்பணி அலுவலகம் நடத்தும் வழிகாட்டிப் பயணத்தின் மூலமாகத்தான் பார்க்க இயலும். அந்தப் பயணத்தைப் பற்றியதே இந்த மதிப்புரை. பழங்காலக் கற்சின்னங்களில் ஆர்வமுள்ள தமிழர் எவரேனும் அயர்லாந்துக்கு வந்தால், வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது என்பது என் முடிவு. ஆனால் எப்படிச் செல்கிறோம், எவ்வளவு நேரத்தை ஒதுக்கிக்கொண்டு செல்கிறோம் என்பதைப் பொறுத்து, கிடைக்கும் அனுபவம் முற்றிலும் மாறிவிடுகிறது. நான் இரண்டு முறை சென்றவள் என்பதால் அந்த வேறுபாட்டை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதல் முறை சென்றது டப்ளினிலிருந்து புறப்படும் ஒரு தனியார் சுற்றுலாப் பேருந்தில். ஒரே நாளில் மூன்று நான்கு இடங்களைக் காட்டுவதாகச் சொல்லும் வகையைச் சேர்ந்த பயணம் அது. நியூகிரேஞ்ச் மேட்டின் வெளிப்புறத்தைக் காண்பதற்கு மட்டுமே எங்களுக்கு அனுமதி பெறப்பட்டிருந்தது என்பதும், உள்ளறைக்குள் செல்லும் சீட்டு எடுக்கப்படவில்லை என்பதும் அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தன. புல் மூடிய ஒரு குன்றையும் வெள்ளைக்கல் சுவரொன்றையும் பார்த்துவிட்டு, மழையில் நனைந்தபடி பேருந்துக்குத் திரும்பினேன். அன்று மாலை என்னிடம் யாராவது கேட்டிருந்தால், இது அவ்வளவு தூரம் போய்ப் பார்க்கத் தக்க இடம் அல்ல என்றே சொல்லியிருப்பேன். அவ்வாறு சொல்லாமல் விட்டதில் இன்று எனக்கு மிகுந்த நிம்மதி.

இரண்டாம் முறை, புதுக்கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்த அம்மாவை அழைத்துச் சென்றேன். இணையத்தில் பல நாள்களுக்கு முன்பே, உள்ளறைக்குள் செல்லும் அனுமதி அடங்கிய சீட்டுதானா என்று இருமுறை சரிபார்த்து எடுத்துக்கொண்டோம். டப்ளினிலிருந்து டிராகடா வரை ரயிலில் சென்று, அங்கிருந்து டாக்சி பிடித்து, டோனோர் கிராமத்துக்கு அருகிலுள்ள வருகையாளர் மையத்தை அடைந்தோம். மையம் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. மேடுகள் வடகரையில் இருக்கின்றன. எனவே முதலில் காட்சிக்கூடத்தைப் பார்த்துவிட்டு, நடைபாலத்தின் வழியே போய்ன் ஆற்றைக் கடந்து, மறுகரையில் காத்திருக்கும் சிறு பேருந்தில் ஏறி மேட்டுக்குச் செல்ல வேண்டும். அந்தப் பாலத்தை அவசரமில்லாமல் கடக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்வேன். இந்தக் கல்லறைகளைக் கட்டிய மக்களுக்கு நீரும் வழியும் எல்லையும் இந்த ஆறே என்பது, காட்சிக்கூடத்தில் படித்தறிவதைவிட, அந்தப் பாலத்தின் நடுவில் நின்று பார்க்கையில் நன்றாக விளங்குகிறது.

மேட்டின் அளவைக் காகிதத்தில் படிப்பது வேறு, அதன் அடியில் நிற்பது வேறு. குறுக்களவு சுமார் 85 மீட்டர், உயரம் ஏறத்தாழ 12 மீட்டர். அடிவிளிம்பைச் சுற்றி 97 பெருங்கற்கள் படுக்கைவாட்டில், ஒன்றையொன்று தொட்டபடி, அரண் போல வைக்கப்பட்டிருக்கின்றன. மொத்தம் 2,00,000 டன் அளவுக்குக் கல்லும் மண்ணும் இங்கே குவிக்கப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். கட்டப்பட்ட காலம் கி.மு. 3200-ஐ ஒட்டியது. எகிப்தின் பெரிய பிரமிடு எழுந்ததும், இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் இன்று நாம் படங்களில் காணும் பெரிய கல்வட்டம் எழுந்ததும் இதற்கு அறுநூறு, எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர்தான்.

இந்த எண்களை எந்த வழிகாட்டியும் ஒப்பித்துவிடலாம். எங்கள் குழுவுக்கு வாய்த்த பெண்மணி அப்படிச் செய்யவில்லை. அவர் எங்களை விளிம்புக்கல் ஒன்றின் முன் நிறுத்தி, இதைத் தூக்கிவந்தவர்களிடம் என்னென்ன இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். உலோகம் இல்லை, அயர்லாந்தில் செம்பு உருக்கப்பட்டதே ஏறத்தாழ 800 ஆண்டுகள் கழித்துத்தான். பாரம் இழுக்கக் குதிரை இல்லை. சக்கரம் இருந்ததற்கும் சான்று இல்லை. இருந்தவை கல் கோடரி, மான்கொம்பு, மரம், கயிறு, படகு, மாடு, மனிதத் தோள். இவற்றைக் கொண்டு, சுமார் 20 கிலோமீட்டர் வடகிழக்கே கடற்கரையில் உள்ள கிளோகர் முனைப் பகுதியிலிருந்து, கிரேவாக் எனப்படும் கடினமான பாறையின் பலகைகளை 500-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் இங்கே சேர்த்திருக்கிறார்கள். கடலோரமாக மிதவையில் கட்டி இழுத்து, ஆற்றின் முகத்துவாரம் வழியாக ஏற்றிக் கொண்டுவந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. முகப்பில் உள்ள வெள்ளைக்கல், அதாவது நம் ஊரில் வெங்கச்சங்கல் என்று சொல்லும் குவார்ட்ஸ், தெற்கே 50 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள விக்லோ மலைகளிலிருந்து வந்தது. அதனிடையே பதித்திருக்கும் உருண்டையான கிரானைட் கற்கள் வடக்கே உள்ள மோர்ன் மலைப் பக்கத்திலிருந்து வந்தவை.

வழிகாட்டி இதை வியப்புக்குரிய தகவலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடவில்லை. அருகிலேயே கல் கிடைக்கும்போது ஏன் தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் அக்காலச் சமூகம் கண்ணுக்குப் புலப்படத் தொடங்குகிறது. கோதுமையும் வாற்கோதுமையும் விதைத்து, மாடு வளர்த்து, மரத்தால் ஆன எளிய வீடுகளில் வாழ்ந்த உழவர்கள் அவர்கள். அவ்வீடுகளில் எஞ்சியிருப்பவை கம்பம் நட்ட குழிகளின் தடங்களே. தாம் வாழ்வதற்கு மரத்தைக் கொண்டும், இறந்தவர் இருப்பதற்குக் கல்லைக் கொண்டும் கட்டியவர்கள், அந்தக் கல்லையும் கண்ட இடத்தில் எடுக்கவில்லை. மலைக்கும் கடலுக்கும் இடையில் பரந்த நிலப்பரப்பு முழுவதையும் அறிந்து, அங்கெல்லாம் இருந்த மக்களுடன் கொள்வினை கொடுப்பினையோ உறவோ வைத்திருந்த ஒரு சமூகத்தால் மட்டுமே இப்படிச் செய்திருக்க முடியும். வேலை செய்பவர்களுக்குச் சோறு போட விளைச்சலில் மிச்சம் இருந்திருக்க வேண்டும். ஒரு தலைமுறையில் தொடங்கியதை அடுத்த தலைமுறை முடிக்கும் அளவுக்கு நோக்கம் நிலைத்திருக்க வேண்டும். எழுத்து இல்லாத மக்களைப் பற்றி இவ்வளவையும் அந்தக் கல்லின் பிறப்பிடம் ஒன்றே சொல்லிவிடுகிறது.

நுழைவாயிலின் முன் கிடக்கும் கல், உலகின் பெருங்கற்காலச் செதுக்கல்களில் மிகவும் புகழ்பெற்றவற்றுள் ஒன்று. சுருள்களும் சாய்சதுரங்களும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பது போல அதன் முகம் முழுவதும் ஓடுகின்றன. முற்காலத்தில் உள்ளே செல்வோர் இதைத் தாண்டியே சென்றிருக்க வேண்டும். இப்போது அதன்மீது கால் படாமலிருக்கப் பக்கவாட்டில் மரப்படிகள் அமைத்திருக்கிறார்கள். மேட்டின் நேர் பின்புறத்தில் இதே போன்ற வேலைப்பாட்டுடன் 52-ஆம் விளிம்புக்கல் இருக்கிறது. குழுவோடு நின்றுவிடாமல், நேரம் கிடைக்கும்போது மேட்டைச் சுற்றி நடந்து அதையும் பார்த்துவிட வேண்டும். என்னை மிகவும் யோசிக்கவைத்தவை இந்த இரண்டுமே அல்ல. அகழாய்வின்போது, சில விளிம்புக்கற்களின் பின்புறத்திலும், அதாவது மேட்டுக்குள் புதைந்து எவர் கண்ணுக்கும் படாத பக்கத்திலும் செதுக்கல்கள் இருப்பது தெரியவந்தது. பார்ப்பவருக்காகச் செதுக்கியவை அல்ல அவை. செதுக்கும் செயலே அவர்களுக்குச் சடங்காக இருந்திருக்கலாம். அல்லது முன்பு வேறோர் இடத்தில் நின்ற கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே திருப்பி வைத்திருக்கலாம். வழிகாட்டி இரண்டு கருத்துகளையும் சொல்லி, எதையும் முடிவு என்று திணிக்காமல் விட்டார்.

இனி உள்ளே செல்வது பற்றி. நடைவழியின் நீளம் 19 மீட்டர். நம் பழைய வீடுகளின் ரேழியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இருபுறமும் நிற்கும் கற்பலகைகள் சில இடங்களில் தோளை உரசும் அளவுக்கு நெருங்கி வருகின்றன. குனிந்தும் பக்கவாட்டில் திரும்பியும் செல்ல வேண்டியிருக்கிறது. முதுகுப்பையைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒடுங்கிய இடங்களில் மூச்சு முட்டுபவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. சக்கர நாற்காலி உள்ளே செல்ல வழியில்லை. அறுபத்தெட்டு வயதான அம்மா என் கையைப் பிடித்தபடி சிரமமில்லாமல் வந்துவிட்டார். நடக்க நடக்கத் தரை மெல்ல உயர்வது காலுக்குத் தெரிவதில்லை. ஆனால் வாசலுக்கும் உள்ளறைக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஏறிவிடுகிறோம். அந்த ஏற்றத்துக்கு ஒரு பெரும் காரணம் இருப்பது சற்று நேரத்தில் விளங்கும்.

ரேழி முடியும் இடத்தில் தலைக்கு மேலே திடீரென்று கூரை எழும்பி, 6 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. நடு அறை ஒன்றும் அதன் மூன்று பக்கங்களில் மாடக்குழி போன்ற சிற்றறைகளும் இருக்கின்றன. சுண்ணாம்போ வேறு சாந்தோ இல்லாமல், ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிடச் சிறிது உள்நோக்கி நீளுமாறு அடுக்கிக்கொண்டே போய், உச்சியில் ஒரே கல்லால் மூடியிருக்கிறார்கள். ஐயாயிரம் ஆண்டுகளாக அயர்லாந்தின் மழை இதன்மீது பெய்துகொண்டிருக்கிறது. உள்ளே ஒரு சொட்டும் இறங்கவில்லை. கூரைப் பலகைகளின் மேற்புறத்தில் நீர் வழிந்தோடக் காடிகள் வெட்டி, இடைவெளிகளை எரிந்த மண்ணும் கடல்மணலும் கொண்டு அடைத்திருக்கிறார்கள் என்பது அகழாய்வில் தெரிந்தது. அந்த எரிந்த மண்ணை வைத்துச் செய்த கரிமக் காலக்கணிப்புதான் இந்தக் கட்டடத்தின் வயதையும் நமக்குக் கொடுத்தது. வீட்டுக்கூரை ஒழுகாமல் காக்கும் சாதாரணக் கவலையே காலத்தைச் சொல்லும் சாட்சியாக மாறியிருப்பதை நினைக்கையில் என் உள்ளம் நெகிழ்ந்தது. கட்டியவர்கள் நம்மைப் போலவே மழைக்கு அஞ்சியவர்கள்.

பிறகு விளக்கை அணைக்கிறார்கள். கையை முகத்தருகே கொண்டுவந்தாலும் தெரியாத இருட்டு. யாரும் பேசவில்லை. சில நொடிகள் கழித்து, நடைவழியின் திசையிலிருந்து மெல்லிய ஒளிக்கீற்று தரையில் ஊர்ந்து வந்து, நாம் நிற்கும் இடம் வரை நீள்கிறது. இது மின்விளக்கால் செய்துகாட்டும் ஒளி. உண்மையான ஒளி ஆண்டின் மிகக் குறுகிய பகலான டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில நாள்களில், வானம் தெளிவாக இருந்தால் மட்டும், சூரியன் எழுந்து சில நிமிடங்களில் உள்ளே வந்து, சுமார் 17 நிமிடம் தங்கிச் செல்கிறது. வாசலுக்கு மேலே தனியாக ஒரு திறப்பு கட்டியிருக்கிறார்கள். அதைக் கூரைப்பெட்டி என்கிறார்கள். தரை உயர்ந்துகொண்டே செல்வதால் வாசல் வழியே நுழையும் வெயில் பாதி வழியிலேயே நின்றுவிடும். இந்த மேல்திறப்பின் வழியே நுழைவது மட்டும் அறையை எட்டும். தற்செயலாக அமையக்கூடியது அல்ல இது.

அகழாய்வாளர் மைக்கேல் ஜே. ஓ'கெல்லி 1962 முதல் 1975 வரை இங்கே பணியாற்றினார். ஆண்டில் ஒரு நாள் உதய சூரியனின் ஒளி உள்ளே வரும் என்று ஊர்மக்களிடம் ஒரு வாய்வழிச் செய்தி இருந்தது. அதைத் தள்ளிவிடாமல், 1967 டிசம்பர் 21 அன்று விடியற்காலையில் உள்ளறையில் காத்திருந்து, ஒளி வருவதைத் தம் கண்ணால் கண்டார். வழிகாட்டி இதைச் சொன்னபோது குழுவில் ஒரு சிறு சலசலப்பு எழுந்தது. எனக்கோ அவர் அடுத்துச் சொன்ன செய்தி இன்னும் ஆழமாகத் தைத்தது. கூரைப்பெட்டியின் திறப்பை மூடியிருந்த குவார்ட்ஸ் கற்களைப் பலமுறை இழுத்தும் தள்ளியும் இருந்ததற்கான கீறல்கள் அங்கே தெரிந்தனவாம். கல்லறையின் கதவு அடைத்துவிட்ட பின்னும், மேல்திறப்பைத் திறந்து சூரியனை உள்ளே விட்டிருக்கிறார்கள். அந்த ஒளியைக் காண உள்ளே உயிருடன் எவரும் இருந்திருக்க வேண்டிய தேவையில்லை.

ஓர் உழவர் சமூகத்துக்கு இதன் பொருள் என்ன என்பதை விளக்க வழிகாட்டி நீண்ட உரை எதுவும் ஆற்றவில்லை. நாள் சுருங்கிக்கொண்டே வரும் வடநாட்டுக் குளிர்காலத்தில், இனி நாள் வளரும் என்ற திருப்பம் எப்போது என்று அறிவது அவர்களுக்கு வாழ்வா சாவா என்னும் கேள்வி. அதைக் கண்டறியப் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்று தொடுவானத்தைக் கவனித்திருக்க வேண்டும். கண்டதை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். எழுதிவைக்க வழியற்ற அந்த அறிவை அவர்கள் கல்லில் கட்டிவைத்தார்கள். புவியின் அச்சுச் சாய்வு சிறிது மாறிவிட்டதால் இன்று ஒளி பின்சுவர் வரை எட்டுவதில்லை. கட்டிய காலத்தில் எட்டியிருக்கும். உதயமாகும் அந்தக் கணத்திலேயே நுழைந்தும் இருக்கும். கடைசிச் சிற்றறையில் மூன்று சுருள்கள் பின்னிய ஒரு செதுக்கல் இருக்கிறது. அதை எல்லோரும் பார்க்க விரும்புவதால் முண்டியடிக்காமல் இறுதியில் வெளியேறுவது போல நின்றால் நன்றாகப் பார்க்கலாம். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. அது நல்லது என்றே எனக்குத் தோன்றியது. அத்தனை பேரும் கைப்பேசியை உயர்த்திக்கொண்டிருந்தால் அந்த இருட்டு இருட்டாகவே இருந்திருக்காது.

இவ்வளவு உழைப்பில் எழுந்த அறையில் எத்தனை பேர் வைக்கப்பட்டிருந்தார்கள்? அகழாய்வில் கிடைத்தவை குறைந்தது ஐவரின் எச்சங்கள். சிலரை எரித்தும் சிலரை எரிக்காமலும் வைத்திருக்கிறார்கள். 1699-இல் சாலை போடக் கல் எடுக்கும்போது வாசல் வெளிப்பட்டதிலிருந்து அறை திறந்தே கிடந்தது என்பதால் பலருடைய எலும்புகள் காணாமல் போயிருக்கலாம். இருந்தாலும், உயிரோடு இருந்த அத்தனை பேருக்கும் இங்கே இடம் கிடைத்திருக்காது என்பது தெளிவு. அம்மா என்னிடம் தாழ்ந்த குரலில், கல் சுமந்தவர்களில் ஒருவராவது இந்த ஐந்து பேரில் இருப்பாரா என்று கேட்டார். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது வழிகாட்டி சற்று நேரம் பேசாமல் நின்று, ஆய்வாளர்கள் இப்போது மோதிக்கொண்டிருப்பதே அந்தக் கேள்வியில்தான் என்றார்.

2020-இல், டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளர்கள் தலைமையில் வெளிவந்த ஓர் ஆய்வு, அயர்லாந்தின் பழங்கால மனிதர் 44 பேரின் மரபணுத் தொகுதிகளைப் படித்தது. நியூகிரேஞ்சின் உள்ளறையில் கிடைத்த ஓர் ஆணின் மண்டையோட்டு எலும்பு, அவருடைய பெற்றோர் உடன்பிறந்தவர்களாகவோ, பெற்றவரும் பிள்ளையுமாகவோ இருந்திருக்க வேண்டும் என்று காட்டியது. எந்தச் சமூகமும் எளிதில் ஏற்காத இத்தகைய உறவு, பண்டைய எகிப்திலும் இன்கா நாட்டிலும் அரச குடும்பங்களில் ஏற்கப்பட்டிருந்தது. ஆகவே இங்கும் தெய்வத்தன்மை கொண்டதாகக் கருதப்பட்ட ஓர் ஆளும் குடி இருந்திருக்கும் என்று அந்த ஆய்வு கருதியது. நாட்டின் மேற்கிலுள்ள காரோமோர், காரோகீல் கல்லறைகளில் கிடந்தவர்களுடன் அவருக்குத் தொலைவான இரத்த உறவு இருந்ததும் தெரிந்தது. உலகெங்கும் செய்தித்தாள்கள் நியூகிரேஞ்ச் அரசன் என்று எழுதின. ஆனால் 2025-இல் வேறு ஆய்வாளர்கள் சிலர் இதை மறுத்து எழுதினார்கள். இத்தகைய பிறப்பு ஒரே ஒருவரிடம் மட்டுமே கண்டறியப்பட்டிருக்கிறது, அந்த எலும்பு ஆதியில் எங்கே எந்த நிலையில் இருந்தது என்பதும் உறுதியில்லை, தொலைவான உறவை வைத்து ஓர் அரச மரபைக் கட்டிவிட முடியாது என்பவை அவர்களின் வாதங்கள்.

நான் இந்தப் பயணத்தை மதிப்பதற்கு முதன்மையான காரணம் இந்தப் பகுதியை வழிகாட்டி கையாண்ட விதம்தான். அரசன், முறையற்ற உறவு என்று கதை கட்டிக் கூட்டத்தை மயக்குவது மிக எளிது. அவர் அதைச் செய்யவில்லை. எலும்பு சொல்வது எது, அதிலிருந்து நாம் ஊகிப்பது எது என்று பிரித்துக் காட்டினார். இத்தனை பேர் உழைப்பதற்கு ஆணையிடும் அரசன் தேவை என்று நாம் நினைப்பது நம் காலத்தின் பழக்கமாக இருக்கலாம், பல ஊர்கள் கூடித் தாமே விரும்பிச் செய்த வேலையாகவும் இருக்கலாம் என்றார். என் கருத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டால், ஐந்து பேருக்கு 2,00,000 டன் என்னும் கணக்கில் எங்கோ ஏற்றத்தாழ்வு இருந்தே தீரும் என்றுதான் எனக்குப் படுகிறது. அம்மாவோ, திருவிழாவுக்குத் தேர் இழுப்பவர்களை யாரும் அடித்து இழுக்கச் சொல்வதில்லையே என்றார். எங்கள் இருவரில் யார் சொல்வது சரி என்பது இன்னும் முடிவாகவில்லை.

வெளியே வந்ததும் அந்த வெள்ளைச் சுவரை மீண்டும் பார்த்தேன். இது குறித்துப் பார்வையாளர் எவரும் ஏமாறக்கூடாது. சரிந்து கிடந்த குவார்ட்ஸ் கற்கள் விழுந்திருந்த விதத்தை ஆராய்ந்து, அவை ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்தில் செங்குத்தான சுவராக நின்றிருக்க வேண்டும் என்று ஓ'கெல்லி முடிவு செய்தார். பின்புறம் கான்கிரீட் தாங்கலுடன் அதை 1970-களில் மீண்டும் எழுப்பினார்கள். அந்தக் கால மக்களின் தொழில்நுட்பத்தில் இப்படிச் செங்குத்தாக நின்றிருக்காது, கற்கள் வாசலின் முன் தரையில் பரப்பப்பட்டிருந்தவை என்று கருதுவோரும் உண்டு. இந்த மாறுபட்ட கருத்தை அறிய வேண்டுமானால், பயணத்தின் மறுபாதியான நவுத்துக்கும் செல்ல வேண்டும். அங்கே 1962-இல் பணியைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அகழ்ந்த ஜார்ஜ் ஈகன், கிடைத்த வெள்ளைக்கற்களை வாசலின் முன் தரையிலேயே பரப்பி வைத்தார். ஒரே ஆற்றங்கரையில், ஒரே வகைக் கல்லறையில், ஒரே வகைக் கல்லை இரண்டு அறிஞர்கள் இரண்டு விதமாகப் படித்திருப்பதை ஒரே நாளில் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. நியூகிரேஞ்சுக்கு மட்டும் சீட்டு எடுப்பவர்கள் இதை இழந்துவிடுகிறார்கள்.

நவுத் மேட்டுக்குள் நடைவழி வரை செல்ல முடியாது. கிழக்கு நடைவழியை ஒரு சிறு அறையில் நின்று எட்டிப் பார்க்கலாம். அதன் இரண்டு நடைவழிகளில் கிழக்கே உள்ளது ஏறத்தாழ 40 மீட்டர் நீளம், நியூகிரேஞ்சைவிட இருமடங்கு. ஆனால் நவுத்தின் பெருமை வெளியேதான். 127 விளிம்புக்கற்கள், சுற்றிலும் குட்டி மேடுகள், கல்லுக்குக் கல் வேறுபடும் செதுக்கல்கள் என்று, மேற்கு ஐரோப்பாவின் பெருங்கற்காலச் செதுக்கல்களில் கால் பங்குக்கும் மேற்பட்டவை இந்த ஒரே இடத்தில் இருக்கின்றன. மேட்டின் உச்சிக்கு ஏறி நின்றால் ஆற்றுச் சமவெளி முழுவதும் தெரிகிறது. பிற்காலத்தில், கிறித்துவம் பரவிய பிறகு, ஒரு சிற்றரசு இந்த மேட்டையே தன் இருக்கையாக்கிக்கொண்டது. கட்டியவர் யாரென்று அறியாத மக்களும் அந்த மேட்டின் பெருமையைத் தம்முடையதாக்கிக்கொள்ள விரும்பியிருக்கிறார்கள்.

அயர்லாந்தின் பழங்கதைகளில் நியூகிரேஞ்ச், தக்டா என்னும் தெய்வத்துக்கும் அவன் மகன் ஏங்கஸுக்கும் உரிய மாளிகை. இதைக் கேட்டதும் அம்மா, எங்கள் ஊர்ப் பக்கத்துக் கற்பதுக்கைகளையும் கல்திட்டைகளையும் பாண்டவர் வீடு என்று சொல்லும் வழக்கத்தை நினைவுபடுத்தினார். நம் பெருங்கற்படைச் சின்னங்கள் பெரும்பாலும் இரும்புக் காலத்தவை. இதற்கு மிகவும் பிந்தியவை. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. ஆனாலும், கட்டியவரின் பெயர் மறந்துபோன இடத்தில் மக்கள் தம் கதைமாந்தரைக் குடியேற்றிவிடுவது இரண்டு நாட்டிலும் ஒன்றாகவே இருக்கிறது.

செல்ல நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். முன்பதிவு இல்லாமல் போனால் பெரும்பாலும் ஏமாற்றமே. கோடைக்காலத்தில் பல வாரங்களுக்கு முன்பே இடம் நிறைந்துவிடுகிறது. காட்சிக்கூடம், நியூகிரேஞ்ச், நவுத் மூன்றையும் பார்க்க அரை நாளுக்குக் குறையாமல் வேண்டும். மழைச்சட்டை எந்த மாதமானாலும் தேவை. டிசம்பர் விடியலில் உள்ளே நிற்க விரும்புவோரைக் குலுக்கல் மூலம் தேர்ந்தெடுக்கிறார்கள். பல ஆயிரம் பேர் விண்ணப்பிக்க, வாய்ப்புக் கிடைப்பது சில பத்துப் பேருக்கு மட்டுமே, அவர்களிலும் மேகம் விலகாமல் வெறுமனே திரும்புவோர் உண்டு. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அண்மை ஆண்டுகளில் அந்தக் காட்சியை இணையத்திலும் நேரடியாக ஒளிபரப்பியிருக்கிறார்கள். பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு வெளிப்புற விளக்கம் நீளமாகத் தோன்றலாம், இருட்டறை மட்டும் அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் நினைவிருக்கும் என்று எண்ணுகிறேன்.

டப்ளினுக்குத் திரும்பிய மறுநாள், கில்டேர் தெருவில் உள்ள தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கும் சென்றோம். அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. 1982-இல் நவுத்தின் கிழக்குக் கல்லறையில் கிடைத்த, சிக்கிமுக்கிக்கல்லால் செய்த தண்டாயுதத் தலை ஒன்று அங்கே இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. இரண்டு சுருள்கள் கண்களாகவும், கைப்பிடி நுழையும் துளை திறந்த வாயாகவும் தோன்ற, ஒரு முகம் நம்மைப் பார்ப்பது போல இருக்கிறது. உலோகக் கருவி ஏதுமின்றி, கல்லைக் கல்லால் தேய்த்தே இந்த வழவழப்பைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அம்மா கண்ணாடிப் பேழையின் முன் வெகுநேரம் நின்றிருந்தார். இது ஆணையிட்டவர் கையில் இருந்ததா, செய்தவர் கையிலேயே இருந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு, மீண்டும் ஒருமுறை அந்த முகத்தைப் பார்க்கத் திரும்பினார்.